அழுத்தினால் கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடியின் அணு அமைப்பு பற்றிப் பேச ஆரம்பித்தால், தொடக்கக் கல்லூரி மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை பார்க்கும் பொறியாளர்கள் என்று யாராக இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். தமிழில் இதைப் பற்றிப் படிக்க அதிகம் கிடைப்பதில்லை என்பதால் சில பதில்கள் நீளமாக இருக்கும். படிக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அடர்த்தி வேறு, அணு வளையங்களின் வடிவம் வேறு, ஓர் அணுவுக்கு எத்தனை அண்டை அணுக்கள் என்பது வேறு. அழுத்தம் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவதில்லை. இதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், கண்ணாடிக்குள் அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன?

தூய சிலிக்கா கண்ணாடியிலிருந்து தொடங்குவோம். அதில் சிலிக்கானும் ஆக்சிஜனும் மட்டுமே உண்டு. ஒவ்வொரு சிலிக்கானையும் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள் நான்முகி வடிவில் நிற்கின்றன. சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே சுமார் 1.6 ஆங்ஸ்ட்ராம் தூரம் (ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம் அடங்கும்). ஒவ்வோர் ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கான்களை இணைக்கும் பாலம்.

இதுவரை சொன்னது குவார்ட்ஸ் படிகத்துக்கும் அப்படியே பொருந்தும். நான்முகிகள் ஒன்றோடொன்று சேரும் கோணத்தில்தான் வேறுபாடு தொடங்குகிறது. படிகத்தில் அந்தக் கோணம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். கண்ணாடியில் அது சுமார் 145 முதல் 150 டிகிரியை மையமாக வைத்து இரு பக்கமும் பரவிக் கிடக்கும். அதனால் நான்முகிகள் கைகோத்து உருவாகும் வளையங்களும் பல அளவுகளில் இருக்கும். ஆறு சிலிக்கான்கள் கொண்டவை அதிகம். ஐந்து, ஏழு கொண்டவையும் நிறைய உண்டு. மூன்று, நான்கு கொண்டவை குறைவு.

1932-இல் ஜக்கரியாசென் என்ற படிகவியலாளர் முன்வைத்த இந்த ஒழுங்கற்ற வலைப்பின்னல் படம்தான் இன்றும் அடித்தளம். கண்ணாடியைத் தாறுமாறான அணுக் குவியல் என்று நினைப்பது தவறு. பக்கத்தில் பார்த்தால் கறாரான ஒழுங்கு தெரியும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அது தளர்கிறது, இன்னும் தள்ளிப் போனால் இல்லாமலே போகிறது. அழுத்தத்துக்கு முதலில் வளைந்துகொடுப்பது இந்த நடுப்பகுதிதான்.

இன்னொன்று: சிலிக்கா கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.20 கிராம், குவார்ட்ஸுக்கு 2.65. அதே அணுக்கள், அதே நான்முகிகள். வித்தியாசம் முழுவதும் வெற்றிடம். நெருக்குவதற்கு இடம் இருப்பதால்தான் இந்தக் கதையே நடக்கிறது.

கண்ணாடி மிக மெதுவாக ஓடும் திரவம் என்கிறார்களே?

இல்லை. பழைய ஐரோப்பியத் தேவாலயங்களின் ஜன்னல் கண்ணாடி கீழே தடிமனாக இருப்பதை இதற்கு ஆதாரமாகச் சொல்வார்கள். அன்றைக்குக் கண்ணாடியைச் செய்த முறையில் தடிமன் சீராக வராது, அவ்வளவுதான். அறை வெப்பநிலையில் கண்ணாடி திடப்பொருள்.

"அதிக அழுத்தம்" என்றால் எவ்வளவு?

இந்தத் துறையில் அளவுகோல் ஜிகாபாஸ்கல். ஒரு ஜிகாபாஸ்கல் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. உலகின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில்கூட சுமார் 0.11 ஜிகாபாஸ்கல்தான். செயற்கை வைரம் செய்ய 5, 6 ஜிகாபாஸ்கல் வேண்டும். பூமியின் பாறை அடுக்கான மூடகம் முடிந்து உலோக உள்ளகம் தொடங்கும் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் 136, பூமியின் மையத்தில் சுமார் 360. கண்ணாடியின் அணு அமைப்பில் பெரிய மாற்றங்கள் சில ஜிகாபாஸ்கலில் தொடங்கி நூறுக்கு மேலும் தொடர்கின்றன.

அழுத்தத் தொடங்கினால் முதலில் எது மாறுகிறது?

பிணைப்புகள் சுருங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு மிகவும் விறைப்பானது. நான்முகியும் எளிதில் உருக்குலையாது. மாறுவது நான்முகிகள் சேரும் இடத்தில் உள்ள கோணம். குடையை மடக்கும்போது கம்பிகளின் நீளம் குறைவதில்லை, மூட்டுகள் மடங்குகின்றன, குடை சிறிய இடத்தில் அடங்கிவிடுகிறது. சிலிக்கா வலைப்பின்னலும் இந்த வழியில்தான் முதலில் சுருங்குகிறது. வளையங்கள் நெளிந்து, நடுவில் இருந்த வெற்றிடத்துக்குள் மடங்குகின்றன.

எக்ஸ் கதிர்ச் சிதறலில் இது தெளிவாகத் தெரியும். சாதாரணக் கண்ணாடியின் சிதறல் வரைபடத்தில், நான்கு ஆங்ஸ்ட்ராமைச் சற்றே தாண்டிய இடைவெளிக்கு உரிய கூர்மையான சிகரம் ஒன்று முதலில் வரும். வளையங்களும் வெற்றிடங்களும் சேர்ந்த அந்த நடுத்தர ஒழுங்கின் கையெழுத்து அது. அழுத்தம் ஏற ஏற அந்தச் சிகரம் இன்னும் சிறிய இடைவெளியைக் குறிக்கும் பக்கம் நகர்ந்து, உயரமும் குறைகிறது. அதே நேரத்தில் சிலிக்கான்–ஆக்சிஜன் தூரத்தில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இருக்காது.

இந்தக் கட்டத்தில் சிலிக்கா கண்ணாடி விநோதமாக நடந்துகொள்கிறது. பொதுவாக எந்தப் பொருளும் அழுத்த அழுத்த விறைக்கும். சிலிக்கா கண்ணாடியோ சுமார் 2 முதல் 3 ஜிகாபாஸ்கல் வரை அழுத்த அழுத்த இன்னும் எளிதாக நெருங்கக்கூடியதாக மாறுகிறது. அதற்குப் பிறகே விறைக்கத் தொடங்குகிறது. வளையங்கள் ஒருமுறை நெளியத் தொடங்கிவிட்டால் மேலும் நெளிவது சுலபம் என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இந்த ஒரு விதிவிலக்கையாவது தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அழுத்தத்தை எடுத்துவிட்டால் கண்ணாடி பழைய நிலைக்குத் திரும்புமா?

எவ்வளவு அழுத்தினோம் என்பதைப் பொறுத்தது. அறை வெப்பநிலையில், எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால், சுமார் 9 ஜிகாபாஸ்கல் வரை சிலிக்கா கண்ணாடி முழுமையாகத் திரும்பிவிடும். அதைத் தாண்டினால் திரும்பாது. 20 ஜிகாபாஸ்கலுக்கு மேல் போய்விட்டு வந்த கண்ணாடியின் அடர்த்தி, காற்றழுத்தத்துக்கு வந்த பிறகும், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடியே நிற்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 2.20-ஐ ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 2.64. கிட்டத்தட்ட குவார்ட்ஸின் அடர்த்தி! ஆனால் அது குவார்ட்ஸ் ஆகிவிடவில்லை. படிக ஒழுங்கு துளியும் இல்லாத, பார்வைக்குத் தெளிவான கண்ணாடியாகவே இருக்கிறது. ஒளிவிலகல் எண் மட்டும் 1.46-இலிருந்து 1.5-ஐத் தாண்டிவிடும்.

நிரந்தரமாக அடர்த்தி கூடும் இந்த விளைவை 1953-இல் பிரிட்ஜ்மனும் சைமனும் அறிவித்தார்கள். உயர் அழுத்த ஆய்வுகளுக்காக 1946-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற பெர்சி பிரிட்ஜ்மன்தான் அவர்.

நெருக்கப்பட்டு நிற்கும் கண்ணாடியில் என்ன மாறியிருக்கிறது? வளையங்களின் அமைப்பு. அழுத்தத்தில் சில பிணைப்புகள் அறுந்து வேறு துணையோடு சேர்ந்துகொண்டன. அவை பழைய வழியே திரும்ப, அறை வெப்பநிலையில் அணுக்களுக்குப் போதிய ஆற்றல் இல்லை. லேசர் ஒளி பட்டுச் சிதறும்போது அதன் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் ராமன் நிறமாலையில் இதைப் பார்க்கலாம். திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928-இல் கண்டுபிடித்த அதே ஒளிச்சிதறல்தான். சிலிக்கா கண்ணாடியின் நிறமாலையில் சென்டிமீட்டருக்கு 490, 606 என்ற அலை எண்களில் இரண்டு கூர்மையான கோடுகள் உண்டு. முதலாவது நான்கு சிலிக்கான் வளையங்களுக்கு உரியது, இரண்டாவது மூன்று சிலிக்கான் வளையங்களுக்கு. நெருக்கப்பட்ட கண்ணாடியில் 606 கோடு பலமாகிறது. சிறு வளையங்கள் கூடியிருக்கின்றன என்று அர்த்தம்.

திரும்பக் கொண்டுவர வழி உண்டு. உலையில் வைத்துச் சூடாக்கினால், சில நூறு டிகிரியிலேயே தளரத் தொடங்கி, ஆயிரம் டிகிரி செல்சியஸ் சுற்று வட்டாரத்தில் பழைய அடர்த்திக்கே வந்துவிடும். எதிர்ப்பக்கமும் உண்மை: அழுத்தும்போதே சூடாக்கினால், இதே அளவு நெருக்கத்தை 8 ஜிகாபாஸ்கல் அருகிலேயே அடைந்துவிடலாம்.

சிலிக்கானைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் வரும் என்று படித்தேன். எப்போது? ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓர் அணுவைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அண்டை அணுக்களின் எண்ணிக்கைக்கு அணைவு எண் என்று பெயர். சாதாரண சிலிக்கா கண்ணாடியில் சிலிக்கானின் அணைவு எண் 4. மேலே சொன்ன நெளிதல், வளைய மாற்றம் எல்லாம் நடந்து முடியும்போதும் அது 4 ஆகவே இருக்கும். சுமார் 15, 20 ஜிகாபாஸ்கலில்தான் அது ஏறத் தொடங்குகிறது. 40, 50 வாக்கில் 6-ஐ எட்டுகிறது. நடுவே ஐந்து ஆக்சிஜன் சூழ்ந்த சிலிக்கான்கள் நிறைய வந்துபோகின்றன. நான்முகி எண்முகியாக மாற அதுதான் வழி.

ஏன் அந்தக் கட்டத்தில்? ஆக்சிஜன்களின் பக்கம் இருந்து பாருங்கள். கண்ணாடியின் பருமனில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டிருப்பவை அவைதான். சிலிக்கான் அவற்றின் இடுக்கில் உட்கார்ந்திருக்கும் சிறிய அணு. வளையங்கள் மடங்க மடங்க, ஆக்சிஜன்கள் ஒன்றையொன்று நெருங்கி, நான்முகிகளை உடைக்காமல் இனி நெருங்க முடியாது என்ற எல்லைக்கு வருகின்றன. அதற்கு மேலும் அழுத்தினால் ஒரே வழி, ஆக்சிஜன்கள் இன்னும் நெருக்கமான அடுக்குக்கு மாறி, சிலிக்கான் நான்கு பேர் சூழ்ந்த இடுக்கைவிட்டு ஆறு பேர் சூழ்ந்த இடுக்குக்குப் போவது.

இங்கே மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அணைவு எண் 4-இலிருந்து 6-க்கு ஏறும்போது சிலிக்கான்–ஆக்சிஜன் தூரம் *கூடுகிறது*. 1.6 ஆங்ஸ்ட்ராமில் இருந்தது 1.7-ஐத் தாண்டுகிறது. அழுத்தத்தைக் கூட்டும்போது பிணைப்பு எப்படி நீளும் என்று கேட்பது நியாயம்தான். ஒரு சிலிக்கான் தன் பிணைப்பு வலிமையை நான்கு பேருக்குப் பதில் ஆறு பேருக்குப் பகிர்வதால் ஒவ்வொரு பிணைப்பும் தளர்கிறது. ஆனால் அதே இடத்துக்குள் இரண்டு ஆக்சிஜன் கூடுதலாக வந்துவிட்டதால் மொத்த அடர்த்தி ஏறுகிறது. அடர்த்தியும் பிணைப்பு நீளமும் ஒன்றாகக் கூடும் இந்த இடத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

படிக உலகில் இதற்குத் துணை உண்டு. குவார்ட்ஸை அழுத்திச் சூடாக்கினால் கோசைட் வரும். 1953-இல் லோரிங் கோஸ் தயாரித்தது, அணைவு எண் இன்னும் 4. மேலும் போனால் ஸ்டிஷோவைட். 1961-இல் செர்கேய் ஸ்டிஷோவும் போபோவாவும் தயாரித்தது, அணைவு எண் 6, அடர்த்தி 4.29. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் அரிசோனா விண்கல் பள்ளத்தில் இயற்கையாகவும் அது கிடைத்தது.

இப்போது முக்கியமான வேறுபாடு. ஸ்டிஷோவைட் படிகத்தைக் காற்றழுத்தத்துக்குக் கொண்டுவந்தாலும் அது ஆறோடு நிற்கும், அதனால்தான் அது பாறைகளில் கிடைக்கிறது. கண்ணாடியோ அப்படியில்லை. 50 ஜிகாபாஸ்கல் வரை போய் வந்தாலும், அழுத்தம் நீங்கியதும் சிலிக்கான்கள் நான்குக்கே திரும்பிவிடுகின்றன. அடர்த்தி மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடி நிற்கிறது. முதல் பத்தியில் மூன்றையும் பிரித்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். அண்டை எண்ணிக்கை திரும்புகிறது, வளைய மாற்றம் தங்கிவிடுகிறது. "அடர்த்தி கூடியிருக்கிறது, ஆகவே ஆறு ஆக்சிஜன் இருக்கிறது" என்று எழுதினால் அது தவறு.

ஆறோடு நின்றுவிடுமா?

இல்லை. நூறு ஜிகாபாஸ்கலுக்கும் மேலே, 172 வரை எக்ஸ் கதிரால் அளந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அணைவு எண் ஆறையும் மெல்லத் தாண்டிப் போவதை அது காட்டியது. சிலிக்காவின் நெருங்கிய உறவான ஜெர்மேனியம் ஆக்சைடு கண்ணாடியில் எல்லாமே சீக்கிரம் நடக்கும். அங்கே 5 ஜிகாபாஸ்கலைத் தாண்டியதுமே நான்கு ஆறாக மாறத் தொடங்குகிறது. அதனால் பல ஆய்வகங்கள் முதலில் அதில் பரிசோதித்துவிட்டுத்தான் சிலிக்காவுக்கு வருகின்றன.

இது பனிக்கட்டி உருகுவது போன்ற திடீர் மாற்றமா, படிப்படியான மாற்றமா?

சிலிக்காவில் படிப்படியானது. ஒவ்வோர் அணுவின் சூழலும் கொஞ்சம் வேறுபடுவதால் எல்லாம் ஒரே நொடியில் ஒரே அழுத்தத்தில் மாறுவதில்லை. ஆனால் எல்லாப் படிகமற்ற பொருள்களும் இப்படி இல்லை. தண்ணீரைப் படிகமாகாமல் உறைய வைத்துக் கிடைக்கும் பனிக் கண்ணாடியை, மைனஸ் 196 டிகிரியில் அழுத்தினால், சுமார் 0.6 ஜிகாபாஸ்கலில் அதன் அடர்த்தி சட்டென்று ஐந்தில் ஒரு பங்கு அளவு தாவுகிறது. 1980-களின் நடுவில் மிஷிமாவும் அவர் கூட்டாளிகளும் கண்டது இது. ஒரே பொருளுக்கு இரண்டு கண்ணாடி நிலைகள்! சிலிக்காவில் நெருக்கப்பட்ட கண்ணாடியைத் தனி நிலை என்று அழைப்பதா, ஒரே நிலையின் தொடர்ச்சி என்பதா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. திடீர்த் தாவல் தெரியாதவரை தொடர்ச்சி என்று சொல்வதே நேர்மை என்பது என் கருத்து.

இவ்வளவு அழுத்தத்தை எப்படி உண்டாக்குகிறார்கள்? சிங்கப்பூரில் செய்ய முடியுமா?

கையில் அடங்கும் கருவி போதும். முனை வெட்டிய இரண்டு வைரங்களை எதிரெதிரே வைத்து, நடுவே துளையிட்ட உலோகத் தகடு, துளைக்குள் கண்ணாடித் துணுக்கு. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் வந்தது இந்த வைர அழுத்தக் கலம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது, இல்லையா? வைர முனையின் விட்டம் 0.3 மில்லிமீட்டர் என்றால், 20 ஜிகாபாஸ்கலுக்குச் சுமார் 1,400 நியூட்டன் விசை போதும். இரண்டு பெரியவர்களின் எடை. சில திருகாணிகளை முடுக்கியே அதைக் கொடுத்துவிடலாம். உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று அறிய, கூடவே ஒரு மாணிக்கத் துகளைப் போடுவார்கள். அதன் மேல் லேசர் பட்டால் வரும் சிவப்பு ஒளி, அழுத்தம் கூடும்போது நிறம் மாறும்.

கஷ்டமெல்லாம் அளப்பதில்தான். கண்ணாடித் துணுக்கு ஒரு தலைமுடியின் தடிமன்தான். அதைச் சுற்றி அதைவிடப் பல மடங்கு பெரிய வைரம். வரும் எக்ஸ் கதிரில் பெரும்பகுதி வைரத்தால் சிதறியது. படிகம் என்றால் கூர்மையான புள்ளிகளைத் தனியே பிரித்துவிடலாம். கண்ணாடியின் சிதறலோ மங்கலான வளையம், அதைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பது பொறுமையான வேலை. அதனால் மிகப் பிரகாசமான, ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர் வேண்டும். கென்ட் ரிட்ஜில், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சிங்க்ரோட்ரான் ஒளிமூலம், அதாவது எலெக்ட்ரான்களை வளையத்தில் அதிவேகமாகச் சுற்றவிட்டு எக்ஸ் கதிர் உண்டாக்கும் கருவி, இருக்கிறது. ஆனால் அது 70 கோடி எலெக்ட்ரான் வோல்ட் கொண்ட சிறிய வளையம். ஜப்பானின் ஸ்பிரிங்-8 வளையம் 800 கோடி. வைரத்தைத் துளைத்துக்கொண்டு கண்ணாடியைப் படிக்க இப்படிப்பட்ட பெரிய வளையங்களே ஏற்றவை. ராமன் அளவீட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். நல்ல நுண்ணோக்கியும் லேசரும் உள்ள பல்கலைக்கழக ஆய்வகம் போதும்.

அழுத்த ஊடகமாக ஹீலியம் வைத்தால் முடிவு மாறுமாமே?

ஆமாம், அழகான செய்தி அது. துணுக்கை எல்லாப் பக்கமும் சமமாக அழுத்த, சுற்றிலும் ஏதாவது ஒரு திரவமோ வாயுவோ நிரப்ப வேண்டும். ஹீலியம்தான் சிறந்தது என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2011-இல் வெளியான ஆய்வுகளில், ஹீலியம் அணுக்கள் கண்ணாடியின் வெற்றிடங்களுக்குள்ளேயே புகுந்துவிடுவது தெரியவந்தது. உள்ளே புகுந்த ஹீலியம் வளையங்களைத் தாங்கிப் பிடிப்பதால் கண்ணாடி அவ்வளவாகச் சுருங்குவதில்லை. வெற்றிடம் இருக்கிறது என்று மேலே சொன்னதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டாம்.

வீட்டு ஜன்னல் கண்ணாடியும் இப்படித்தானா?

ஓரளவு. ஜன்னல் கண்ணாடியில் சிலிக்கா 70 சதவீதத்தைச் சற்றே தாண்டும். மீதி பெரும்பாலும் சோடியம், கால்சியம் ஆக்சைடுகள். சோடியமும் கால்சியமும் வலைப்பின்னலின் பாலங்களை அறுத்து, அந்த இடுக்குகளில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. வெற்றிடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால், எவ்வளவு அழுத்தினாலும் நிரந்தரமாகக் கூடும் அடர்த்தி சுமார் 6 சதவீதத்தோடு நின்றுவிடும். சிலிக்காவின் 20 சதவீதத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

கைப்பேசித் திரைக் கண்ணாடியில் அலுமினியம் உண்டு. அலுமினியத்தின் அணைவு எண் சிலிக்கானைவிடச் சீக்கிரமாகவே 4-இலிருந்து 5, 6 என்று ஏறும். உருகிய நிலையில் அழுத்தி அப்படியே குளிரவைத்தால், அந்த 5-உம் 6-உம் ஓரளவு தங்கியும் விடும். சமையலறை, ஆய்வகக் கண்ணாடிகளில் உள்ள போரானும் அப்படியே. மூன்று ஆக்சிஜன் சூழ்ந்த போரான், சூடோடு ஒன்றிரண்டு ஜிகாபாஸ்கல் கொடுத்தாலே நான்குக்கு மாறத் தொடங்கி, குளிர்ந்த பிறகும் அப்படியே இருக்கும்.

என் கைப்பேசித் திரையில் விழும் கீறலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம் உண்டு! ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போய்வந்து, பையில் ஒட்டிய மணலோடு கைப்பேசியைப் போட்டால் என்ன ஆகும்? மணல் துகள் குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினம். அதன் கூரிய முனை திரையைத் தொடும் பரப்பு மிக மிகச் சிறியது. விரலால் அழுத்தும் விசைகூட அந்த இடத்தில் சில ஜிகாபாஸ்கலாக மாறிவிடும். பெரிய பெரிய ஆய்வகங்களில் வைரத்தை வைத்துச் செய்வது உங்கள் பையில் நடக்கிறது.

பொறியாளர்கள் இதை வைரக் கூம்பை அழுத்திச் சோதிக்கிறார்கள். தூய சிலிக்காவில் விழும் குழியின் பெரும்பகுதி, அடியில் உள்ள கண்ணாடி நெருங்கிப்போனதால் வருவது. பொருள் ஓரமாகப் பிதுங்குவது குறைவு. அதனால் சூடாக்கினால் குழி பெருமளவு மேலெழும்பி மறைகிறது. ஜன்னல் கண்ணாடியில் பிதுங்குவது அதிகம், சூடாக்கினாலும் அவ்வளவாக மறையாது. விரிசல் எங்கே, எப்போது தொடங்கும் என்பதை இந்த விகிதம் வெகுவாகத் தீர்மானிக்கிறது. கீறல் தாங்கும் கண்ணாடி வேண்டும் என்றால், அணுக்களுக்கு நெருங்க இடம் கொடுக்கும் கலவையைத் தேட வேண்டும். திரைக் கண்ணாடி செய்பவர்கள் உண்மையில் கவனிக்க வேண்டிய விஷயம் இது என்று நான் நம்புகிறேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறைக் கண்ணாடிக் கதவு தானாக நொறுங்குவதும் அழுத்தத்தாலா?

அது வேறு விஷயம். கதவுக்குப் போடுவது பதப்படுத்திய கண்ணாடி. மேற்பரப்பில் அழுத்தமும் உள்ளே இழுவிசையும் வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். மேற்பரப்பு அழுத்தம் 0.1 ஜிகாபாஸ்கல் அளவுதான், அணு அமைப்பு மாற அது போதாது. கண்ணாடிக்குள் சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துணுக்கு ஆண்டுகள் கழித்து மெல்ல விரிந்து, இழுவிசை உள்ள நடுப்பகுதியில் விரிசலைத் தொடங்கிவைக்கலாம். விளிம்பில் பட்ட அடியும் காரணமாகலாம். தயாரிப்பின்போதே சுமார் 290 டிகிரியில் சூடாக்கிச் சோதித்தால் இப்படிப்பட்ட துணுக்குள்ள பலகைகள் பெரும்பாலும் அங்கேயே உடைந்துவிடும். கதவு மாற்றும்போது அந்தச் சோதனை செய்ததா என்று கேளுங்கள்.

செந்தோசா மீன்காட்சியகத்தின் பெரிய கண்ணாடிச் சுவர் தண்ணீரின் அழுத்தத்தில் மாறாதா?

அது கண்ணாடியே இல்லை, அக்ரிலிக் பிளாஸ்டிக். எட்டு மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம் ஒரு ஜிகாபாஸ்கலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

கடலடி இணையக் கேபிள்களில் உள்ள கண்ணாடி இழை?

சாங்கியிலும் துவாஸிலும் கரையேறும் கேபிள்களுக்குள் இருப்பது கிட்டத்தட்டத் தூய சிலிக்கா இழைதான். எட்டாயிரம் மீட்டர் ஆழத்திலும் அழுத்தம் 0.08 ஜிகாபாஸ்கல். இழை நேரடியாக அதைத் தாங்கினாலும் ஆயிரத்தில் இரண்டு பங்கு சுருங்கும், மேலே எடுத்தால் திரும்பிவிடும்.

ஆனால் வேறொரு தொடர்பு இருக்கிறது. இழைக்குள் ஒளி மங்குவதற்கு முக்கியக் காரணம் கண்ணாடியின் அடர்த்தியில் உள்ள நுண்ணிய ஏற்றத்தாழ்வு. அந்த ஏற்றத்தாழ்வு வெற்றிடங்களால் வருவது. உருகிய சிலிக்காவைச் சில ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில் வைத்துக் குளிரவைத்தால் வெற்றிடங்கள் சுருங்கி, ஒளியிழப்பு வெகுவாகக் குறையும் என்று 2020-இல் வெளிவந்த கணினிக் கணக்கீடு காட்டியது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் இழையை அந்த அழுத்தத்தில் செய்வது எளிதல்ல. செய்துவிட்டால் கடலுக்கடியில் ஒளியைப் பெருக்கிக் கொடுக்கும் கருவிகளின் எண்ணிக்கை குறையும்.

நம் பகுதியில் இயற்கையாக இப்படிப்பட்ட கண்ணாடி கிடைக்குமா?

சுமார் 7,90,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய விண்கல் தென்கிழக்காசியாவில் மோதியது. உருகித் தெறித்த பாறை கறுப்புக் கண்ணாடிக் கற்களாக இந்தோசீனாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை விழுந்து கிடக்கிறது. டெக்டைட் என்பார்கள். இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவில் 'பாத்து சாத்தம்' என்று மோதிரக் கல்லாக விற்பதும் இதுதான். மோதிய பள்ளம் எங்கே? லாவோஸின் போலவென் பீடபூமியில் எரிமலைக் குழம்புக்கு அடியில் புதைந்திருக்கிறது என்று 2020-இல் ஓர் ஆய்வுக் குழு வாதிட்டது. அதற்குத் தலைமை வகித்த கெர்ரி சீ, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எர்த் அப்சர்வேட்டரி ஆஃப் சிங்கப்பூரைத் தொடங்கி நடத்தியவர். எல்லா ஆய்வாளரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை.

டெக்டைட்டைக் கையில் எடுத்து "நெருக்கப்பட்ட கண்ணாடி" என்று சொல்லக்கூடாது. அழுத்தம் நீங்கிய பிறகும் சூடாக உருகியே இருந்து, பின்னர்தான் அது உறைந்தது, அதனால் சாதாரண அடர்த்திதான். இந்தோசீனாவில் கிடைக்கும் அடுக்குள்ள பெரிய வகையில் மட்டும் கோசைட் துணுக்குகள் இருந்திருக்கின்றன, அழுத்தத்துக்கு அவை சாட்சி. உருகாமலே அதிர்ச்சியில் கண்ணாடியான கனிமம் வேண்டுமென்றால் மாஸ்கெலினைட்டைப் பார்க்க வேண்டும். 1865-இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த விண்கல்லில்தான் அது முதலில் அடையாளம் காணப்பட்டது. உருக்கிக் குளிரவைத்த அதே கலவையைவிட அது அடர்த்தியானது.

பூமியின் ஆழத்தைப் பற்றி இது ஏதாவது சொல்கிறதா?

இந்த ஆய்வுகளுக்குப் பணம் கிடைப்பதற்கு இதுவே பெரிய காரணம். உருகிய பாறையை 100 ஜிகாபாஸ்கலில், ஆயிரக்கணக்கான டிகிரியில் வைத்து அளப்பது மிகக் கடினம். உருகிய பாறையைப் போலவே ஒழுங்கற்ற அமைப்புள்ள கண்ணாடியை அறை வெப்பநிலையில் அழுத்திப் பார்ப்பது மாற்றுவழி. உருகிய பாறை சுற்றியுள்ள திடப் பாறையைவிட இலேசாக இருந்தால் மேலே ஏறி எரிமலையாகும், கனமாக இருந்தால் கீழே தங்கும். சிலிக்கானின் அணைவு எண் ஏறும் ஆழத்தில் அந்தத் தராசு சாயக்கூடும்.

சிங்கப்பூரின் புக்கிட் தீமா கருங்கல்லில் உள்ள சிலிக்கான்கள் எல்லாம் நான்கு ஆக்சிஜனோடு இருக்கின்றன. 660 கிலோமீட்டருக்குக் கீழே பூமியில் மிக அதிகமாக உள்ள கனிமத்தில் ஆறு. அந்தக் கனிமத்துக்கு 2014-இல் பிரிட்ஜ்மனைட் என்று பெயர் வைத்தார்கள், மேலே சொன்ன அதே பிரிட்ஜ்மன் நினைவாக.

தொடக்கக் கல்லூரி மாணவர் ஒருவர் இதை வீட்டிலேயே செய்து பார்க்க முடியுமா?

வைரம் வேண்டாம், மடிக்கணினி போதும். லாம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் மூவாயிரம் அணுக்களை வைத்தால், 2.20 அடர்த்திக்குப் பெட்டியின் பக்கம் சுமார் 36 ஆங்ஸ்ட்ராம் வரும். அணுக்களுக்கிடையே உள்ள விசைக்கு 1990-இல் வெளியான பி.கே.எஸ் சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கண்ணி உண்டு: இரண்டு அணுக்கள் மிக நெருங்கிவிட்டால் விலக்குவதற்குப் பதில் ஒன்றையொன்று விழுங்கும்படி சூத்திரம் சறுக்கும். சிறு தூரங்களில் கூடுதல் விலக்கு விசை ஒன்றைச் சேர்க்காமல் உருக்கத் தொடங்காதீர்கள்.

உருக்குங்கள், குளிரவைத்துக் கண்ணாடியாக்குங்கள், அப்புறம் பெட்டியைப் படிப்படியாகச் சுருக்குங்கள். ஒவ்வொரு படியிலும் மூன்றைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: அடர்த்தி, சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் கோணம், 2.2 ஆங்ஸ்ட்ராமுக்குள் ஒவ்வொரு சிலிக்கானுக்கும் எத்தனை ஆக்சிஜன். பிறகு பெட்டியைத் தளர்த்தி அதே மூன்றையும் மறுபடி அளந்து, இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கணினியில் குளிர்வது நிஜ உலையைவிடப் பல கோடி மடங்கு வேகம் என்பதால் அழுத்த எண்கள் ஆய்வக எண்களோடு அப்படியே ஒத்துப்போகாது. மூன்றும் எந்த வரிசையில் மாறுகின்றன, எது திரும்புகிறது என்பதைப் பாருங்கள்.